காது கேளாத பிள்ளைகளின் வகுப்புக்குச் செலவு குறைந்த காணொலிச் செயலி எது?

ஞாயிறு வகுப்பு, குடியாத்தம்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றுசேர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்தில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தோம். மொத்தம் 34 குடும்பங்கள். பேரணாம்பட்டு, காட்பாடி, ஒடுகத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று திசைக்கொருவராக இருக்கிறோம். ஆண்களில் பலர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், சிலர் தறி நெய்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நேரம் ஞாயிறு மாலை மட்டும்தான்.

பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சைகை மொழி கற்றுத் தருபவர் சென்னையில் இருக்கிறார். அவரும் காது கேளாதவர். முன்பு மாதம் ஒரு முறை ரயிலேறி வந்து, குடியாத்தத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில் நாள் முழுக்கச் சொல்லித் தருவார். முழங்கால் வலி வந்த பிறகு அவரால் பயணம் செய்ய முடியவில்லை. அதனால் ஓராண்டாகக் கைப்பேசியில் வகுப்பு நடக்கிறது. வாரத்துக்கு 15 முதல் 22 குடும்பங்கள் சேர்கின்றன.

இப்போது ஓர் இலவசச் செயலியை வைத்துக்கொண்டிருக்கிறோம். இலவச நேரம் முடிந்ததும் கூட்டம் அறுந்துவிடுகிறது. மறுபடி இணைப்பை அனுப்பினால் இருபது பேரில் பத்துப் பேர்தான் திரும்பி வருகிறார்கள். போன மாதம் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒன்பது வயது, தன் வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்ட கதையைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் குட்டி வெளியே வந்து, இரண்டாவது குட்டிக்குக் கையைத் தூக்கியபோது திரை இருண்டுவிட்டது. தன் கதை பிடிக்காமல் நாங்களே அணைத்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு வாரமும் அவன் போன் முன்னால் உட்காரவே இல்லை என்று அவன் அம்மா சொன்னபோது எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வரவு இதுதான்: குடும்பத்துக்கு மாதம் 15 ரூபாய் சந்தா. எல்லோரும் கொடுத்தால் ஆண்டுக்கு 6,120 ரூபாய். ஒரு முகவர் வந்து ஆண்டுக் கட்டணத் திட்டம் ஒன்றைச் சொன்னார். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் எங்கள் முழு ஆண்டு வரவும் போதாது.

பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு போன்தான், அதுவும் அப்பாவுடையது. நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. கூட்டத்தை நடத்துபவள் நான்தான். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. தையல் வேலை செய்பவள் நான், கணினி படித்தவள் அல்ல. எந்தச் செயலி எங்களுக்கு ஒத்துவரும்? அறக்கட்டளைகளுக்குச் சலுகை உண்டு என்கிறார்களே, அதை எப்படிக் கேட்பது?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை:

அம்மா, வணக்கம். நாங்கள் ஏரி, வரத்துக் கால்வாய்களுக்காக வேலை செய்யும் சிறு குழு. நீங்கள் நிற்கும் இடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களும் நின்றோம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. ஜூம் இலவசத் திட்டத்தில் 100 பேர் சேரலாம், 40 நிமிடம் பேசலாம். கூகுள் மீட்டில் சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்தே 100 பேர் சேரலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிட வரம்பு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இலவசப் பதிப்பிலும் 60 நிமிடம்தான்.

இனி நீங்கள் கேட்ட சலுகை. கூகுள் நிறுவனம் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்துவிட்டால் மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, மீட் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும். மீட் கூட்டம் 24 மணி நேரம் வரை அறுபடாது, 100 பேர் சேரலாம். கூட்டத்தைப் பதிவு செய்யும் வசதி மட்டும் இந்த இலவச நிலையில் இல்லை.

அதற்கு அறக்கட்டளைப் பத்திரமும் பான் அட்டையும் வேண்டும். எங்களிடம் வருமான வரித் துறையின் 12ஏ சான்றும் (அறக்கட்டளைக்கு வரிவிலக்குத் தரும் பதிவு) கேட்டார்கள். உங்களிடம் 12ஏ இருந்தால் உடனே எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2021-இல் விதி மாறியது. பழைய சான்றுகளையெல்லாம் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது அது காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டிய சான்று. பல சிறு அமைப்புகள் பழைய காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அது செல்லும் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. அடுத்து, சொந்தமாக ஓர் இணையப் பெயர் (டொமைன், அதாவது உங்கள் அமைப்பின் பெயரிலான இணைய முகவரி) வேண்டும். அதற்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். மொத்தத்தில் உங்கள் கைப்பணம் செலவாவது அது ஒன்றுக்குத்தான்.

எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. பத்திரத்தில் எங்கள் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில் இருந்தது, பான் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை. பான் அட்டையைத் திருத்தி வாங்கவே ஒன்றரை மாதம் ஆனது. நீங்கள் விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இடமில்லை. நீங்கள் ‘ஞாயிறு வகுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் உங்களைப் பள்ளி என்று யாரும் எண்ணிவிடாதபடி, பத்திரத்தில் உள்ள நோக்கத்தையே எழுதுங்கள்.

காட்பாடி மாணவன்:

அம்மா, ஜிட்சி மீட் பாருங்கள். திறந்தமூல மென்பொருள், காசு வேண்டாம், நேர வரம்பும் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஒரு கூகுள் கணக்கு மாதிரி ஏதாவது ஒன்றின் மூலம் உள்ளே நுழைய வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கே வேண்டாம், இணைப்பைத் தொட்டால் போதும்.

டேட்டாவுக்கு வழி எளிது. எல்லோரும் வீடியோவை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு ஒரு மணி நேரத்துக்கு 40 எம்பிகூட ஆகாது.

ஞாயிறு வகுப்பு, குடியாத்தம்:

ஏரிக்கரை ஐயாவுக்கு நன்றி. 12ஏ சான்றைத் தேடி எடுத்தேன். அது காலாவதியாக இன்னும் நாள் இருக்கிறது. பெயரைத்தான் ஒப்பிட வேண்டும்.

காட்பாடித் தம்பி, நீங்கள் நல்ல மனத்தோடு சொன்னீர்கள், அது தெரிகிறது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒலி எதற்கும் உதவாது. ஆசிரியருக்கும் கேட்காது, பிள்ளைகளுக்கும் கேட்காது. எங்களுக்குப் பேச்சு என்பதே கை, முகம், புருவம். வீடியோவை அணைத்தால் எங்கள் எல்லோருடைய வாயையும் ஒரே நேரத்தில் பொத்தியது போலாகும். ஒலி முழுவதையும் எடுத்துவிட்டு அந்த டேட்டாவையும் படத்துக்குக் கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி மாணவன்:

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. தலைப்பிலேயே நீங்கள் எழுதியிருந்தும் நான் அவசரத்தில் பதில் எழுதிவிட்டேன். நேற்று இரவு முழுக்க இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

காணொலியில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, படம் எவ்வளவு பெரியது, எவ்வளவு துல்லியம் என்பது. மற்றொன்று, ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பது. பேசுகிறவர்களுக்கு முகம் துல்லியமாகத் தெரிந்தால் போதும், நொடிக்குப் பத்துப் படம் வந்தாலும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். சைகைக்கு அது அப்படியே தலைகீழ். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-இலேயே சைகை மொழிக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. படம் 352க்கு 288 புள்ளி என்ற சிறிய அளவில் இருந்தாலும் போதும், நொடிக்கு 20 படமாவது வர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு மிகவும் கீழே போனால், விரல்களால் எழுத்துக்கூட்டுவது புரியாமல் போய்விடுகிறது.

ஆகவே தரத்தை ‘உயர்ந்தது’ என்று வைக்காதீர்கள். ஜிட்சியில் படத்தின் தரத்தைக் குறைக்க ஒரு நகர்த்துபட்டை இருக்கிறது. நடுநிலையில் வையுங்கள். நொடிக்கு அரை மெகாபிட் வேகத்தில் ஒரு படம் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பிதான் ஆகும். உங்கள் பக்கமிருந்து போகும் படத்தையும், மற்றவர்களின் சிறு கட்டங்களையும் சேர்த்தாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு முக்கியமான செய்தி. ஜிட்சியின் அமைப்புகளில் நடத்துபவருக்கு மட்டும் ‘எல்லோரும் என்னைப் பின்தொடரட்டும்’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நீங்கள் யார் படத்தைப் பெரிதாக்குகிறீர்களோ, அந்தப் படமே மற்றவர்கள் திரையிலும் பெரிதாகும். ஜூமிலும் நடத்துபவர் ஒருவர் படத்தை எல்லோருக்கும் முன்னே நிறுத்தலாம், ஆனால் இலவசத்தில் 40 நிமிடம்தான்.

நீங்கள் சம்மதித்தால் உங்களுக்கென்றே தனி சர்வரில் (இணையத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில்) ஜிட்சியை நிறுவித் தருகிறேன். 4 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வர் போதும். பிக்புளூபட்டன் என்று வகுப்பறைக்கென்றே கனடாவில் உருவான ஒரு மென்பொருளும் இருக்கிறது. கரும்பலகை, சிறு குழு அறைகள் எல்லாம் உண்டு, ஆனால் அது 16 ஜிபி நினைவகம் கேட்கும், வாடகை உங்களால் தாங்க முடியாது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை:

தம்பியின் உழைப்பு பெரியது. ஆனாலும் தனி சர்வர் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். எங்களுக்கும் ஒரு மாணவர் அன்போடு நிறுவிக் கொடுத்தார். படிப்பு முடிந்து வேலைக்குப் பெங்களூர் போனார். அவர் மேல் குறையே இல்லை. ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியான ஒரு நாளில் கூட்டமே திறக்கவில்லை, அதைச் சரிசெய்ய எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை நடத்துபவரே பழுதும் பார்க்கக்கூடிய ஏற்பாடுதான் சிறு குழுவுக்கு ஏற்றது. பொதுவில் உள்ள ஜிட்சியையே பயன்படுத்துங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனித் தொழிலாளி:

அக்கா, நான் காது கேளாதவன். என் மனைவியும் அப்படியே. நண்பர்களோடு தினமும் காணொலியில்தான் பேசுகிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் முதல் மொழி சைகை.

பொதுவாக எல்லாச் செயலிகளுமே சத்தம் வருகிற இடத்தைத்தான் பெரிதாகக் காட்டும். நாங்கள் சத்தமில்லாமல் பேசுகிறோம். அதனால் ஒரு வீட்டில் மிக்சி ஓடினால் திரை அந்த வீட்டுக்கு ஓடும். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் அங்கே போகும். எங்கள் கண் பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். காது கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே முதல் வேலை: எல்லா வீட்டிலும் மைக்கை அணைத்துவிடுங்கள், ஒன்று விடாமல். பிறகு தம்பி சொன்ன முறையில் நீங்கள் ஆளை மாற்றுங்கள். யாராவது பேச விரும்பினால் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டட்டும், நீங்கள் அவரைப் பெரிதாக்கிய பிறகு தொடங்கட்டும். அதற்கு முன் தொடங்கினால் முதல் சொல் யாருக்கும் போய்ச் சேராது.

இரண்டாவது, விளக்கு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். இருட்டில் போன் கேமரா வெளிச்சத்தைச் சேகரிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நொடிக்கு வரும் படங்கள் குறையும், கை ஓடும்போது புகை மாதிரித் தெரியும். எல்லோரும் ‘நெட் சரியில்லை’ என்பார்கள். பாதி நேரம் நெட் சரியாகத்தான் இருக்கும், வீட்டில் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். முகத்துக்கு முன்னால் ஒரு டியூப் லைட் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் சன்னலோ விளக்கோ இருக்கவே கூடாது, இருந்தால் ஆள் கறுப்பு நிழலாகிவிடுவார்.

மூன்றாவது, போனைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு கை போனில் இருந்தால் பிள்ளை ஒரு கையால்தான் பேச முடியும். அது பாதி வாய். குடத்தின் மேலோ அரிசி டின்னின் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பு முதல் தலைக்கு மேல் ஒரு சாண் வரை தெரிகிற தூரத்தில் உட்காருங்கள். முழங்கை இரண்டும் திரைக்குள் இருக்க வேண்டும். கட்டம்போட்ட லுங்கி, பூப்போட்ட நைட்டி வேண்டாம். ஒரே நிறச் சட்டை, கையின் நிறத்திலிருந்து தனித்துத் தெரிகிற நிறம்.

போன் திரையில் ஒரே நேரத்தில் நான்கு பேர் தெரிந்தால் அதிகம். 22 பேரை வைத்துப் பாடம் நடத்தலாம், உரையாட முடியாது. கதை சொல்வதற்கு நான்கு நான்கு பேராகப் பிரித்துத் தனித்தனி இணைப்புக் கொடுங்கள். அந்த ஆட்டுக்குட்டிப் பையனுக்கு முதல் முறை கொடுங்கள்.

ஞாயிறு வகுப்பு, குடியாத்தம்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு ஜிட்சியில் வைத்தோம், 19 குடும்பங்கள். தம்பி காட்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, பிறகு பழகிவிட்டது. ஆசிரியரை நான் பெரிதாக்கினால் எல்லோர் திரையிலும் ஆசிரியர். பிள்ளை ஒன்று கை தூக்கினால் அந்தப் பிள்ளை. வகுப்பு ஒரு மணி ஐம்பது நிமிடம் நடந்தது. நடுவில் ஒரு முறைகூட அறுபடவில்லை. என் போனையும் பக்கத்தில் இணைத்து வைத்திருந்தேன், அதில் 700 எம்பிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது. மூன்று வீடுகளில் மிகப் பழைய போன்கள் சூடாகி நின்றுவிட்டன. அந்தக் குடும்பங்களை இப்போது பக்கத்து வீட்டாரோடு சேர்த்து உட்கார வைக்கிறோம்.

அன்று மாலை திரையைப் பார்த்தபோது ஆம்பூர்த் தம்பி சொன்னது அப்படியே கண்ணெதிரே இருந்தது. பதினொரு வீடுகளில் ஆள் நிழலாகத் தெரிந்தார்கள். ஆண்டு வரவில் 2,750 ரூபாய் எடுத்துப் பதினொரு எல்இடி டியூப் லைட் வாங்கினோம், ஒன்று 250 ரூபாய். குழுவில் சிலர் முதலில் மறுத்தார்கள். ‘செயலி வாங்கப் பணம் கேட்டுவிட்டு விளக்கு வாங்குவதா’ என்றார்கள். மறு ஞாயிறு ஒரு தாத்தா, பேத்தியின் விரலெழுத்தை முதல் முறையாகத் தானே படித்துவிட்டு, திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அதன் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கூகுள் திட்டத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன். பத்திரத்திலும் பான் அட்டையிலும் பெயர் ஒத்திருந்தது. இணையப் பெயர் வாங்கியாயிற்று. பதில் வந்ததும், காது கேட்கும் பெற்றோர் மட்டும் கூடிக் கணக்கு வழக்கு பேசும் மாதக் கூட்டத்தை மீட்டில் வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் வகுப்பு ஜிட்சியிலேயே தொடரும். தனி சர்வர் வேண்டாம் என்ற ஐயாவின் சொல்லை ஏற்றுக்கொண்டோம். காட்பாடித் தம்பி அதற்காக வருந்த வேண்டாம். போன வாரம் அவர் நேரில் வந்து எங்கள் குழுவில் இரண்டு அம்மாக்களுக்குக் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இனி வகுப்பு நிற்காது.

தீராத ஒன்று இருக்கிறது. பீஞ்சமந்தை மலையில் எங்கள் குடும்பங்கள் இரண்டு உள்ளன. அங்கே சிக்னல் வந்து வந்து போகிறது, எந்தச் செயலியும் அதற்கு மருந்தில்லை. இப்போதைக்கு ஆசிரியரின் சம்மதத்தோடு பாடத்தின் முக்கியப் பகுதியைத் தனியாகப் படம்பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறோம், சிக்னல் கிடைக்கும்போது இறங்கிக்கொள்ளும். பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஆனால் திருப்பிப் பேச முடிவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவர்கள் மலையிறங்கி ஒடுகத்தூரில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார முடியுமா என்று பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், மாலையில் மலைக்குத் திரும்ப கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

ஆட்டுக்குட்டிக் கதையைப் பையன் முழுதாகச் சொல்லி முடித்தான். அது இரண்டு குட்டி இல்லை, மூன்று.